மூன்றடி உயரக் குடும்பத் தலைவர்

ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா
12 அக்டோபர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

 

போன வாரம் போனில், "என்னடா, குரலே ஒரு மாதிரி இருக்கு, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா?" என்று கேட்டீர்கள். ஆபீஸ் வேலை எப்போதும் போலத்தான். லீவு வேலைதான் தலைக்கு மேல் போய்விட்டது. ஜனவரிக் கடைசியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃப்ளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போவதாக முடிவாகியிருக்கிறது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் இங்கே வந்துவிடுவார்கள் என்பதால் அவர்களும் சேர்த்தி. அன்றிலிருந்து வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கு அணைவதில்லை. மதுரை ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுன்டரில் உத்தியோகத்தைக் கழித்த உங்களைத் தவிர எங்கள் நிலைமையைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நம் குடும்பத்தில் வேறு யாருமில்லை. அதனால்தான் வாட்ஸப்பில் இரண்டு வரி போடாமல், இப்படி விரித்து எழுதுகிறேன்.

தீம் பார்க் என்றால் எனக்குத் தெரிந்தது, சின்ன வயதில் நீங்கள் எங்களை மெட்ராசுக்குக் கூட்டிப்போய்க் காட்டிய விஜிபிதான். அசையாமல், சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதரை எப்படியாவது சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று நீங்கள் ரயில்வே ஜோக்குகளாக எடுத்து விட்டீர்கள். அவர் அசையவில்லை, சித்திதான் தலையில் அடித்துக்கொண்டார். போகலாம் என்று முதல் நாள் ராத்திரி முடிவு செய்தோம், புளியோதரை கட்டினோம், போனோம், வந்தோம். திட்டமெல்லாம் அரசாங்கம் போடுவது, அதுவும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

இங்கே கதையே வேறு. முதலில் இடத்தின் அளவைச் சொல்கிறேன். சுமார் 25,000 ஏக்கர், அதாவது 100 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாநகராட்சியில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்குள் நான்கு பார்க்குகள்: 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982-இல் எப்காட், 1989-இல் ஹாலிவுட் ஸ்டூடியோஸ், 1998-இல் அனிமல் கிங்டம். இவை போக நீர் விளையாட்டுப் பூங்காக்கள், வரிசையாக ஹோட்டல்கள், ஏரிகள், சொந்த பஸ்கள், மோனோரயில். "காலைல போய் சுத்திப் பாத்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துரலாமேப்பா, எதுக்கு ரூம் செலவு?" என்று அப்பா போனில் கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேரவே காரில் 700 கிலோமீட்டருக்கு மேல்.

அப்பாவுக்கு இதில் ஆர்வம் வர ஒரே வழி நிலம்தான். பத்திரப்பதிவு ஆபீஸில் ஓய்வு பெற்றவர் அல்லவா? அவரிடம் நீங்களே இதைச் சொல்லுங்கள். 1960-களில் வால்ட் டிஸ்னி இந்த இடத்தை வாங்கியபோது தன் பெயரை வெளியே விடவில்லை. வாங்குவது அவர் என்று தெரிந்தால் விலை ஏறிவிடும். அதனால் பினாமியாகச் சின்னச் சின்னக் கம்பெனிகளைத் தொடங்கி, அவற்றின் பெயரில் சதுப்பு நிலத்தையும் காட்டையும் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தார்கள். 27,000 ஏக்கரை வளைக்க ஆன செலவு ஏறக்குறைய 50 லட்சம் டாலர்தான். 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகை ஒன்று விஷயத்தைப் போட்டு உடைத்த பிறகு அக்கம்பக்கத்து நில விலை எல்லாம் எங்கேயோ போய்விட்டது. டிஸ்னி அடுத்த வருடம் டிசம்பரில் இறந்துபோனார். அவருடைய அண்ணன் ராய், ஓய்வு பெறுவதைத் தள்ளிப்போட்டு, கட்டி முடித்து, 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தார். தம்பியின் முழுப்பெயரும் இருக்கட்டும் என்று 'வால்ட்' என்பதையும் சேர்த்து வைத்தார். அந்த டிசம்பரிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். இந்த அண்ணன் பகுதியை மட்டும் அப்பாவிடம் வேகமாகக் கடந்துவிடுங்கள். உங்களுக்காகத் தான் செய்ததையெல்லாம் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்.

இனி எங்கள் பாட்டுக்கு வருகிறேன். நம் வீட்டில் வெளியூர் போவதென்றால் மூத்தவர் சொல்வதுதான் தீர்ப்பு. பழனியா திருச்செந்தூரா என்று தாத்தா முடிவு செய்வார். பாட்டி வெந்நீர் ஃபிளாஸ்க்கைத் தேடுவார். இங்கே அந்தப் பதவி வீட்டிலேயே குட்டையான ஆளுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் அது கவின். வயது இரண்டே முக்கால், உயரம் 36 அங்குலம், சரியாக மூன்றடி. எப்போது போவது, எதில் ஏறுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாம் அவன் வைத்த சட்டம். இந்த அதிகாரம் தன்னிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் எங்களுக்குப் பாதுகாப்பு.

ஏன் ஜனவரி என்று கேட்பீர்கள். பிப்ரவரி 9-ஆம் தேதி அவனுக்கு மூன்று முடிகிறது. மூன்று முடியாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. மூன்றிலிருந்து ஒன்பது வரை சிறுவர் டிக்கெட், பத்தானால் பெரியவர். நம் ரயில்வேயின் அரை டிக்கெட்டை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே சிறுவருக்குச் சில டாலர்தான் குறையும். ஒரு நாள் டிக்கெட், எந்தப் பார்க், எந்தத் தேதி என்பதைப் பொறுத்து 120 டாலரில் தொடங்கி 200 டாலரையும் தாண்டுகிறது. உங்கள் கவுன்டருக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் மீசை முளைக்கும் வரை நாலே முக்கால் வயதிலேயே நிற்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தத் தகப்பன்மாரின் மனம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. நாங்கள் பிள்ளையின் வயதில் கை வைக்கவில்லை. பயணத் தேதியை முன்னால் இழுத்துக்கொண்டோம்.

மற்ற மாதங்களையும் அலசாமல் இல்லை. நவம்பரில் தேங்க்ஸ்கிவிங், டிசம்பரில் கிறிஸ்துமஸ், மார்ச் ஏப்ரலில் பள்ளிகளின் வசந்த விடுமுறை, இவை மூன்றும் சித்திரைத் திருவிழாக் கூட்டம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை நம் ஊர் வெயில், சாயங்காலம் இடி மழை. செப்டம்பரில் கூட்டம் குறைவு; ஆனால் புயல் சீசன் உச்சத்தில் இருக்கும். ஜனவரி இரண்டாம் வாரம் டிஸ்னியிலேயே மாரத்தான் ஓட்டம் நடக்கும். மூன்றாவது திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. இரண்டும் முடிந்த பிறகு கொஞ்சம் ஓய்வாக இருக்குமாம். அதற்கு மூத்தவள் யாழினி பள்ளிக்கு லீவு போட வேண்டும். "ஒண்ணாம் கிளாஸ்ல நாலு நாள் லீவு போட்டா ஐஐடி சீட்டா போயிரும்?" என்றாள் என் மனைவி தேன்மொழி. அம்மா போனிலேயே, "போனாலும் போகும்" என்றார்.

அடுத்தது உயரம். வேகமாக ஓடும், விழும், சுழலும் பெரும்பாலானவற்றின் வாசலிலும் ஒரு அளவுகோல் நிற்கிறது. ஸ்பேஸ் மவுன்டன் என்று இருட்டுக்குள் ஓடும் வண்டிக்கு 44 அங்குலம் வேண்டும். ட்ரான் என்ற மோட்டார் பைக் மாதிரி வண்டிக்கு 48. ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு 38. யாழினி 45 அங்குலம் என்பதால் பெரும்பாலான கதவுகள் திறந்துவிட்டன. கவினுக்குத் திறந்தவை ஒன்றிரண்டுதான். தினமும் காலையில் அக்காக்காரி அவனைச் சுவரோடு நிறுத்தி பென்சிலால் கோடு போடுகிறாள். ராகிக் கஞ்சி டம்ளர் டம்ளராக உள்ளே போகிறது, கோடு நகரவில்லை. குள்ளர்களின் ரயிலில் ஏறவே உயரம் போதாத ஆள் உலகத்திலேயே தன் தம்பிதான் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இதற்கும் அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரைடர் சுவிட்ச் என்று பெயர். சின்னவனோடு ஒருவர் வெளியே நிற்கலாம். உள்ளே போனவர் இறங்கி வந்ததும் பிள்ளையை மாற்றிக்கொண்டு, நின்றவர் முழு வரிசையையும் மறுபடி நிற்காமல் ஏறலாம். அக்கா என்னோடு ஒரு தடவை, அவள் அம்மாவோடு ஒரு தடவை ஏறிக்கொள்வாள். கவினுக்கு டம்போ யானை, குதிரை ராட்டினம், 'ஸ்மால் வேர்ல்ட்' என்று உலகத்துப் பொம்மைகள் எல்லாம் பாடும் படகு. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்த விளையாட்டு அது. உயரக் கட்டுப்பாடு இல்லாத இந்தப் பட்டியலை அப்படியே நகல் எடுத்து 'அம்மா' என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். பிரஷர், முழங்கால், கண் புரை ஆபரேஷன் மூன்றும் ஒத்துக்கொள்வது அதே பட்டியலைத்தான்.

இனி வருவது உங்கள் துறை. நாற்காலி போட்டு உட்காரும் சாப்பாட்டு இடங்களுக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கிறது. போன நவம்பரில் நம் ரயில்வேயும் 120 நாளை 60 ஆக்கிவிட்டதே, அதே கணக்கு. தேன்மொழி இரண்டு இடம் குறித்து வைத்திருக்கிறாள். ஒன்று, கன்டெம்பரரி என்ற ஹோட்டலில் மிக்கி மவுஸ் மேஜைக்கு மேஜை வந்து கை கொடுக்கும் காலைச் சாப்பாடு. அந்த ஹோட்டலின் நட்ட நடுவில் மோனோரயில் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே போகிறது. நீங்கள் இருந்தால் சாப்பாட்டை மறந்துவிடுவீர்கள். இன்னொன்று அனிமல் கிங்டம் ஹோட்டலில் இருக்கும் சனா. அங்கே நான் ரொட்டியும் வகை வகையான சட்னியும் ராய்த்தாவும் ஊறுகாயும் வைக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய்கின்றன. "ஒட்டகச்சிவிங்கியைப் பாத்துக்கிட்டே நான் ரொட்டி திங்கிறதுக்கா அமெரிக்கா வர்றோம்?" என்று அப்பா கேட்டார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அது முன்பதிவு. தட்கலும் உண்டு. 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். சீட்டு வாங்கிக்கொண்டு குறித்த நேரத்தில் வந்தால் தனி வரிசையில் விடுவார்கள், காசு கிடையாது. இப்போது இருப்பது லைட்னிங் லேன், காசு உண்டு. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்பும், வெளியே தங்குபவர்கள் 3 நாள் முன்பும், காலை 7 மணிக்குப் பதிவு செய்யலாம். அடுப்பு இல்லாத அறையில் அம்மா ஒரு ராத்திரி கூட இருக்க மாட்டார் என்பதால், நாங்கள் பக்கத்து கிஸ்ஸிமியில் சமையலறையோடு ஒரு வாடகை வீடு எடுக்கிறோம். ஆகவே 3 நாள் கோஷ்டி. சரியாக 6.59-க்கு அமெரிக்கா முழுவதும் தாய் தகப்பன்மார் போனுக்கு மேலே விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். உங்கள் கவுன்டர் திறக்குமுன் செருப்பையும் கல்லையும் வரிசையில் போட்டு இடம் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வரிசை மாறவில்லை, செருப்புதான் காணாமல் போயிருக்கிறது.

யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், சாம்பார் வருவதற்கு முன்னால் டிஸ்னி வந்துவிடுகிறது. "முதல் நாள் மேஜிக் கிங்டம் போயிராதீங்க, மத்தது எல்லாம் சப்புன்னு ஆயிரும்" என்கிறார் ஒருவர். "முதல் நாளே போயிருங்க, அப்புறம் பிள்ளைங்க தாங்காது" என்கிறார் அவர் மனைவி. நண்பர் ஒருவர் தான் போய் வந்தபோது பயன்படுத்திய எக்செல் ஷீட்டை அனுப்பினார். கால் மணிக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு நிறம். பாத்ரூம் போவதற்குக் கூட ஒரு கட்டம் இருந்தது. இது போதாதென்று நூலகத்தில் 'அன்அஃபிஷியல் கைடு' என்ற தடித்த புத்தகம் எடுத்து வந்திருக்கிறோம். அதை எழுதுபவர்களில் ஒருவரான லென் டெஸ்டா, எந்த வரிசையில் எப்போது நின்றால் மொத்தத்தில் குறைவாக நிற்கலாம் என்பதையே கணினி அறிவியல் முதுகலை ஆய்வாகச் செய்தவர். இங்கே சுற்றுலா போவதற்கு நான் படித்த படிப்பு பற்றாது போலிருக்கிறது.

படித்து முடித்தபோது ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது. சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்வது ஒரே விஷயம்: கதவு திறக்கும்போதே உள்ளே போ, மத்தியானம் வெளியே வா, தூங்க வை, தெம்பிருந்தால் சாயங்காலம் திரும்பிப் போ. அப்படிப் பார்த்தால் ஒரு பார்க்கில் பாதி கூடப் பார்க்க முடியாது. எதையெல்லாம் பார்க்காமல் விடுவது என்பதற்குத்தான் இப்போது எங்கள் வீட்டில் கூட்டம் நடக்கிறது. முதலில் அடிபட்டது ஹாலிவுட் ஸ்டூடியோஸ். அடுத்து, எப்காட் அரை நாளாகச் சுருங்கியது. ராத்திரி வாணவேடிக்கை ஒரு நாள் மட்டும். நடுவில் ஒரு முழு நாள் எங்கேயும் போகாமல் வீட்டில். "அவ்வளவு தூரம் போய் வீட்டில் உக்காரவா?" என்று நான் கேட்டேன். "உக்காரலைன்னா மறுநாள் நாலு பேரைத் தூக்கணும், நீங்க தூக்குவீங்களா?" என்றாள் தேன்மொழி. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

சாப்பாட்டில் அம்மாவுக்கு வெற்றி. உள்ளே நம் சாப்பாட்டைக் கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்த வேண்டியதாக இருக்கக் கூடாது, ஐஸ் கட்டியை அப்படியே கொட்டி எடுத்து வரக் கூடாது. தயிர் சாதம் இந்த மூன்று விதிக்கும் கட்டுப்பட்டது. ஊறுகாய் மட்டும் கண்ணாடி பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற வேண்டும். தண்ணீரும் காசில்லாமல் கிடைக்கும். சாப்பாட்டுக் கவுன்டரில் கேட்டால் ஐஸ் போட்டுக் கொடுப்பார்கள்.

பிள்ளை வண்டிக்கும் அளவு உண்டு: அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. இழுத்துப்போகும் வேகன் வண்டிக்கு அனுமதியே இல்லை. அம்மாவுக்கு வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். "எனக்கென்ன வந்துச்சு? கவின் வண்டியை நான் தள்ளிக்கிட்டு வர்றேன், பிடிச்சுக்க வசதியா இருக்கும்" என்கிறார். ஒரே வண்டியில் இரண்டு பேருக்கு உதவி.

அப்பாவுக்கு நடைதான் பிரச்சினை. ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் சர்வ சாதாரணம். மேஜிக் கிங்டத்தில் காரை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போகவும் முடியாது. நிறுத்துமிடத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு ஏரி. படகிலோ மோனோரயிலிலோ போய்ச் சேர வேண்டும். அந்த ஏரி இவர்களே வெட்டியது. தோண்டினால் தண்ணீர் ஊறும் சதுப்பு நிலம் என்பதால், தரை மட்டத்திலேயே சுரங்கப் பாதைகளைக் கட்டி, ஏரியில் எடுத்த மண்ணைச் சுற்றிலும் கொட்டி, அதற்கு மேல் ஊரை எழுப்பியிருக்கிறார்கள். நாம் தெரு என்று நடப்பது மாடி. வேஷம் கட்டியவர்களும் சரக்கும் போய் வருவது கீழே. திருமலை நாயக்கர் மகாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் தெப்பக்குளம் என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாரே, அவருக்கு இது பிடிக்கும்.

உங்களுக்கென்று ஒன்றைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மேஜிக் கிங்டத்தைச் சுற்றி நிஜமான நீராவி ரயில் ஓடுகிறது. நான்கு இன்ஜின்கள், நான்கும் ஃபிலடெல்ஃபியாவின் பால்ட்வின் கம்பெனி செய்தவை. மூத்தது 1916, இளையது 1928. மெக்சிகோவின் யுகாடான் பக்கம் ஓடி ஓய்ந்து கிடந்தவற்றை வாங்கி வந்து, பழுது பார்த்து, ஒன்றரை மைல் பாதையில் விட்டிருக்கிறார்கள். கேஜ் மூன்றடி, கவினைத் தண்டவாளத்துக்கு நடுவில் படுக்க வைத்தால் கச்சிதமாகப் பொருந்துவான். (அம்மாவிடம் இந்த வரியைப் படிக்க வேண்டாம்.) அதில் ஏற உயரம் பார்ப்பதில்லை. லைட்னிங் லேன் கிடையாது. 60 நாள், 7 நாள், 3 நாள் எதுவும் கிடையாது. நாங்கள் ஆறு பேரும் ஒன்றாக ஏறி உட்காரலாம். இத்தனை ராத்திரி கண் விழித்துப் போட்ட திட்டத்தில் எல்லாரும் சேர்ந்து போகிற ஒரே வண்டி அன்ரிசர்வ்டு. ரிசர்வேஷன் கவுன்டர்காரரின் அண்ணன் மகனுக்கு இப்படி ஒரு சோதனை.

உங்களிடம் மூன்று உதவி வேண்டும். அப்பாவைத் தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க வையுங்கள். முதல் வாரம் ஒரு சுற்று, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வாங்கிய புது ஷூவைப் பெட்டியோடு விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்று இருக்கிறார். விடாதீர்கள், இப்போதே போட்டுப் பழகட்டும். இரண்டாவது, அம்மாவின் பெட்டியில் ஊறுகாய் எத்தனை பாட்டில் என்பதைச் சித்தி ஒருமுறை எண்ணிவிடட்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். டிக்கெட் விலையை அப்பாவிடம் ரூபாயில் பெருக்கிச் சொல்லிவிடாதீர்கள். கேட்டால், "ஆபீஸ்ல சலுகை விலைக்குக் கிடைச்சுதாம்" என்று சொல்லுங்கள். நம்ப மாட்டார். ஆனால் ஒரு டிக்கெட்டை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று உங்களிடம்தான் கேட்பார். அப்போது மட்டும், பழையபடி கவுன்டர் ஷட்டரை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்

பி.கு.: தேன்மொழி இதைப் படித்துவிட்டு, "சித்தப்பாவையே கூப்பிட்டு வந்திருந்தா எக்செல் ஷீட்டே தேவைப்பட்டிருக்காது" என்கிறாள். விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். நேர்காணல் தேதி கிடைப்பதற்குள் கவின் 38 அங்குலம் ஆகிவிடுவான்; அடுத்த தடவை சேர்ந்தே போகலாம்.